சொல்லி அனுப்பாத வார்த்தை

என் மகள் தனியாக ஒரு பெரிய நகரத்தைச் சுற்றிப் பார்த்த நாளில் நான் கும்மிடிப்பூண்டியில் முதல் ஷிப்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைதான். ஆனால் உலைக்கு ஞாயிறு கிடையாது. எனக்கு வார விடுமுறை புதன்கிழமை.

அவள் இருந்தது கொல்கத்தாவில். இருபத்திரண்டு வயது. வேலை பார்க்கும் கம்பெனி ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. கூடப் போன இரண்டு பெண்களும் சனிக்கிழமையே கிளம்பிவிட்டார்கள். இவள் மட்டும் டிக்கெட்டை ஞாயிறு மாலைக்கு மாற்றிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் எனக்கு போன் செய்தாள்.

"ஒரே ஒரு நாள்மா. யாரையும் கேக்காம, எங்க நிக்கணும்னு தோணுதோ அங்க நிப்பேன். எங்க நடக்கணுமோ நடப்பேன். நீ டென்ஷன் ஆவாதே."

டென்ஷன் ஆகாதே என்று சொல்லிவிட்டால் ஆகாமல் இருந்துவிட முடியுமா? நான் நிபந்தனைகள் போட்டேன். போனில் அவள் இருக்கும் இடம் எனக்குத் தெரியும்படி வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு போட்டோ வர வேண்டும். அவள் எல்லாவற்றுக்கும் சரி சொன்னாள். பிறகு தான் பார்க்கப்போகும் இடங்களின் பட்டியலை அனுப்பினாள். பெரிய பாலம், அதன் கீழே பூ மார்க்கெட், ஆற்றில் படகு, டிராம், ஆற்றுக்கு அடியில் ஓடும் மெட்ரோ, கடைசியாக மியூசியம். மியூசியத்துக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருந்தாள். அங்கே எகிப்திலிருந்து கொண்டுவந்த மம்மி இருக்கிறது. ஆறாவது படிக்கும்போது எதிலோ படம் பார்த்துவிட்டு, ஒரு வாரம் தன் பொம்மைக்கெல்லாம் என் பழைய சேலைக் கிழிசலைச் சுற்றி வைத்திருந்தவள் அவள்.

எங்கள் வீடு எளாவூரில். என் கணவர் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரி டயர்களுக்குப் பஞ்சர் போடும் கடை வைத்திருக்கிறார். அன்று விடிகாலை ஐந்தேகாலுக்கு அவர் கடையைத் திறக்கும்போது, கம்பெனி பஸ்ஸுக்காக நான் அங்கேதான் நின்றிருந்தேன். கையில் போன். அதில் ஒரு நீலப் புள்ளி அசையாமல் இருந்தது. அவள் விடுதியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"தூங்குற பொண்ண இன்னாத்துக்குப் பார்த்துக்கினே நிக்கிறே?" என்றார் அவர். சுங்கச் சாவடிப் பக்கமாக வரிசையில் நின்ற லாரிகளைக் காட்டி, "அதோ, அந்த வண்டி நேரா கொல்கத்தாவுக்குத்தான் போவுது. கிளீனர் சீட்டு காலி. ஏறிக்கோ" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அவர் ஜாக்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் வேலை செய்வது இரும்பு உருக்கும் ஆலையின் பரிசோதனைக் கூடத்தில். உலையில் ஒவ்வொரு முறை இரும்பு உருகும்போதும் கரண்டியால் மொண்டு சின்ன அச்சில் ஊற்றி எனக்கு அனுப்புவார்கள். அதைத் தேய்த்து மெருகாக்கி எந்திரத்தில் வைத்தால் கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்று சொல்லிவிடும். நான் சரி என்று சொன்னால்தான் இரும்பை ஊற்றுவார்கள். பதினெட்டு வருஷமாக இதே வேலை.

உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. வாசலில் செக்யூரிட்டி அறைக்குள் ஒரு மர அலமாரி, புறாக்கூண்டு மாதிரி அறை அறையாக இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். போனை சைலன்டில் போட்டு அதில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். காலை நாஷ்டா நேரத்திலும் பதினொன்றரைக்குச் சாப்பாட்டு நேரத்திலும் வாசலுக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம். மற்ற நேரம் வீடு பற்றி எரிந்தாலும் தெரியாது. பதினெட்டு வருஷத்தில் எனக்கு அது பழகிப்போயிருந்தது. அன்று மட்டும் பழகாதவள் மாதிரி இருந்தேன்.

எட்டரைக்கு நாஷ்டாவுக்கு மணி அடித்ததும் வாசலுக்கு ஓடினேன். இரண்டு போட்டோக்கள் வந்திருந்தன. ஒன்றில் மலைமலையாகச் செவ்வந்தி, நடுவில் அவள் முகம். இன்னொன்றில் பாலத்தின் அடிவயிறு. நீலப் புள்ளியைப் பார்த்தேன். அது ஆற்றின் நடுவில் இருந்தது.

படகு என்று பட்டியலில் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் புள்ளியைச் சுற்றி வெறும் நீல நிறமாக இருந்ததைப் பார்க்க முடியவில்லை. கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. 'எங்கே இருக்கே' என்று எழுதினேன். ஒரு டிக்தான் விழுந்தது.

செக்யூரிட்டி ஆந்திர எல்லையில் இருக்கும் தடா பக்கத்துக்காரர், பெரியவர். "இன்னாம்மா, போனையே முழுங்கிடுவே போல கீதே. போம்மா, மணி ஆச்சு" என்றார்.

கூடத்துக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் சாம்பிள் வந்தது. அதைக் கொண்டுவருபவர் உலையில் வேலை செய்யும் வங்காளி. ஹவுராவுக்கு அந்தப் பக்கம் ஏதோ கிராமம். பன்னிரண்டு வருஷமாக இங்கே இருக்கிறார். தமிழை இங்கேயே, உலைக்காரர்களிடமே கற்றுக்கொண்டதால் எங்கள் ஊர்ப் பேச்சுதான் பேசுவார். என்னை மட்டும் அவர் ஊர் வழக்கப்படி தீதி என்பார். தீதி என்றால் அக்கா.

இடுக்கியில் சாம்பிளை நீட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார். "இன்னா தீதி, மூஞ்சி இப்படி கீது?"

சொன்னேன். அவர் பெரிதாகச் சிரித்தார். "நம்ம ஊர்லயா கீது பொண்ணு? முன்னாடியே சொல்லக் கூடாதா? என் தம்பி அங்க மார்க்கெட்ல மூட்டை தூக்குறான். ஞாயித்துக்கெழமை சும்மாதான் படுத்துக்கினு கெடப்பான். போய்ப் பார்த்துக்கினு வான்னா வரப்போறான். இதுக்கு இன்னாத்துக்கு பேஜாரு?"

வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னேன். அவளுக்கே அவளுக்கென்று ஒரு நாள் கேட்டிருந்தாள் அல்லவா? ஆனால் பதினொன்றரைக்கு வாசலுக்குப் போனபோது புதிதாக ஒரு போட்டோவும் வந்திருக்கவில்லை. மூன்று மணி நேரமாக ஒன்றுமில்லை. புள்ளி மட்டும் கரையேறி ஒரு சந்துக்குள் இருந்தது. கூப்பிட்டால் ரிங் போனது. எடுக்கவில்லை. பக்கத்தில் வங்காளி தன் போனை எடுக்கக் கூண்டுக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க தம்பியைக் கூப்பிடுங்க" என்றேன்.

டிராமுக்குள் கூட்டத்தில் போன் பையின் அடியில் போய்விட்டது, சத்தம் கேட்கவில்லை, பேட்டரியை மிச்சம் பிடிக்கப் போட்டோ எடுக்கவில்லை என்று பிற்பாடு சொன்னாள். அவ்வளவுதான் காரணம். அப்போது எனக்குத் தெரியாது.

அவளுடைய போட்டோ ஒன்றை அனுப்பினேன். நீலச் சுடிதார் என்றேன். பெயரைச் சொன்னேன். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே புள்ளி நகர்ந்து பெரிய சாலைக்கு வந்தது. வங்காளி போனை எட்டிப் பார்த்துவிட்டு, "மியூசியம்கிட்ட போய்க்கினு கீது. தம்பிக்கு அது கிட்டதான், பத்து நிமிசம்" என்றார்.

தம்பிக்குத் தமிழும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அதனால் அவனுக்கு ஒரு வாக்கியம் கற்றுக்கொடுக்கலாம் என்று நான்தான் சொன்னேன். அந்த வாக்கியத்தையும் நான்தான் சொன்னேன். "உங்க அம்மா அனுப்பினாங்க. பயப்படாதே." வங்காளி அதை ஸ்பீக்கரில் போட்டு மூன்று தரம் சொல்லிக்கொடுத்தார். மறுமுனையில் ஒரு கரகரத்த குரல், பள்ளிப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னது. 'அனுப்பினாங்க' அவன் வாயில் சிக்கிக்கொண்டது. செக்யூரிட்டி பெரியவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று காலையிலிருந்து முதல் சிரிப்பு அது. போனைக் கூண்டில் வைத்துவிட்டுப் போய் இரண்டு தரம் சாம்பார் வாங்கிச் சாப்பிட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் இரண்டாவது படிக்கும்போது எனக்கு ஷிப்ட் மாறி மாறி வந்தது. தொழிற்பேட்டையைச் சுற்றி எந்நேரமும் லாரிகள், தினமும் புதுப்புது முகங்கள். பள்ளி விடும் நேரத்தில் நான் வர முடியாத நாட்கள் இருந்தன. அப்போது அவளுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தேன். யாராவது வந்து 'உங்க அம்மா அனுப்பினாங்க, வா' என்று சொன்னால் நம்பாதே. உன் பெயர் தெரிந்திருந்தாலும் நம்பாதே. நமக்கு மட்டும் தெரிந்த ஒரு வார்த்தை இருக்கும். அதைச் சொன்னால்தான் நான் அனுப்பிய ஆள். சொல்லத் தெரியாவிட்டால் கத்து, ஆட்கள் இருக்கும் இடத்துக்கு ஓடு.

வார்த்தையை அவளே தேர்ந்தெடுத்தாள். பாகற்காய் பாயசம். சொல்லிவிட்டுத் தரையில் புரண்டு சிரித்தாள். மூன்றாவது படிக்கும்போது ஒரு நாள் எனக்கு அடுத்த ஷிப்டும் சேர்ந்து விழுந்தது. பக்கத்து வீட்டு அம்மாவை அனுப்பினேன். அவசரத்தில் வார்த்தை சொல்ல மறந்துவிட்டேன். தினம் பார்க்கும் அந்த அம்மாவோடு வர மாட்டேன் என்று பள்ளி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நான் பர்மிஷன் போட்டுக்கொண்டு போனபோது விளையாட்டு மைதானத்தில் அவளும் ஆயாவும் மட்டும்தான் இருந்தார்கள். டீச்சர் மறுநாள் திட்டினார். நான் அவளைத் திட்டவில்லை. என்னை மாதிரி பிள்ளை வளர்த்தவள் உண்டா என்று எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பெருமையை அத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு, பதினொன்றரை மணிக்கு வாசலில் நின்றபோது அந்த வார்த்தை ஞாபகத்துக்கு வரவில்லை. பதினான்கு, பதினைந்து வருஷமாக யாரும் அதைச் சொல்லவில்லை. அவள் மறந்திருப்பாள் என்றுகூட நினைக்கவில்லை. அப்படி ஒன்று இருந்ததே தோன்றவில்லை.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்தது. போனை எடுத்தேன். அவள் இருக்கும் இடம் தெரியவில்லை. பகிர்வது நிறுத்தப்பட்டது என்று இருந்தது. கூப்பிட்டேன். ஸ்விட்ச் ஆப். தெரியாத எண் ஒன்றிலிருந்து நான்கு மிஸ்டு கால்கள் இருந்தன. முதல் அழைப்பு பன்னிரண்டு ஐம்பதுக்கு.

வங்காளி எனக்கு முன்பே போனைக் காதில் வைத்திருந்தார். தம்பியிடம் பேசுகிறார் என்று தெரிந்தது. பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்குவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. யாரும் நகரவில்லை.

"இன்னா ஆச்சு?"

"தீதி, நீ ஒக்காரு."

"இன்னா ஆச்சு சொல்லுங்க."

"டிக்கெட் வாங்குற லைன்ல நின்னுக்கினு இருந்துச்சாம். தம்பி கிட்ட போய்ப் பேரு சொல்லிக் கூப்பிட்டான். நீ சொன்னதச் சொன்னான். அது இன்னாமோ கேட்டுச்சாம். திரும்பத் திரும்ப ஒரே கேள்வி. இவனுக்குப் புரியல. இவன் திரும்ப அதையே சொன்னான். அது கத்திக்கினு ஓடிடுச்சு."

என்ன கேட்டிருப்பாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. செக்யூரிட்டி பெரியவர் தன் ஸ்டூலைத் தள்ளினார்.

அந்தத் தெரியாத எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தாள். ஏதோ சொன்னாள். ஒரு சொல்லும் புரியவில்லை. என் மகளின் பெயரைச் சொன்னேன். மறுபடி சொன்னேன். அந்தப் பெண் கோபமாகப் பேசுவது போல இருந்தது. கோபம் இல்லையோ என்னவோ. எனக்குத் தெரிந்த இரண்டு மொழியும் அந்த நிமிஷத்தில் எதற்கும் ஆகவில்லை. போனை வங்காளியிடம் கொடுத்தேன்.

அவர் பேசினார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டைச் சுற்றி உலைக்கரி. பிறகு அவர் கையை உயர்த்தி, இரு இரு என்பது போல ஆட்டினார்.

"ஹவுரா ஸ்டேசன். லேடீஸ் வெயிட்டிங் ரூம் பெருக்குற அம்மா இது. நீலச் சுடிதார் ஒக்காந்துக்கினு கீதாம். அழுதுச்சாம். இப்ப அழுவலியாம். இந்தா, பேசு."

"மா" என்று கேட்டது.

நான் ஒன்றும் சொல்வதற்குள் அவளே வேகமாகச் சொன்னாள். "மா, ஒரு ஆளுமா. என் பேரு தெரியுது. நான் எங்க நிக்கிறேன்னு தெரியுது. போன்லதான் எவனோ பாக்குறான்னு ஆப் பண்ணிட்டேன். உன் நம்பர் மனப்பாடமா இருந்துச்சு, அதான் இவங்க போன்ல இருந்து அடிச்சிக்கினே இருந்தேன். நீ எடுக்கவே இல்ல. பஸ்ஸுல ஏறுனா அந்த ஆளும் வருவானோன்னு மெட்ரோல ஏறி, எறங்கி, திரும்ப ஏறி…" பயத்தில் அவள் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆள நான்தாண்டி அனுப்புனேன்."

மறுமுனையில் ரயில் அறிவிப்பு மட்டும் கேட்டது. யாரோ தரையில் வாளியை இழுத்தார்கள்.

"நீ போன் எடுக்கல. போட்டோவும் வரல. அதான் தெரிஞ்சவங்க மூலமா…"

"வார்த்தை கேட்டேன்மா" என்றாள். "நின்னு கேட்டேன். மூணு தடவ கேட்டேன். நீ வார்த்தை சொல்லி அனுப்பலியே."

குரலில் கோபம் இல்லை. பள்ளி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் குரல் அது.

"ரயிலுக்கு இன்னும் மூணு மணி நேரம் இருக்குடா. இப்ப போனாலும் மியூசியம் பார்த்துட்டு வந்துடலாம். இனிமே யாரும் வர மாட்டாங்க. நான் கூப்பிடக்கூட மாட்டேன்" என்றேன்.

"வேணாம்மா. இங்கியே இருக்கேன்."

"மம்மி பாக்கணும்னியே."

"வேணாம். அந்த மெட்ரோ ஆத்துக்கு அடியில போறதுமா. நான் கண்ண மூடிக்கினு ஒக்காந்திருந்தேன். எறங்குனப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு" என்றாள். பிறகு, போன்காரம்மா வேலைக்குப் போக வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

கம்பெனி பஸ் போயிருந்தது. வங்காளியும் நானும் வாசலில் நின்றோம். ஆயிரம் மைல் தள்ளி ஒரு கூடத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், நான் ஒரு வார்த்தை சொன்னால் எழுந்து மியூசியத்துக்குப் போய்விடுவாள் என்று தோன்றியது. ஆனால் என்ன வார்த்தை என்று தெரியவில்லை. அவளிடம் சொல்ல எனக்கு உரிமை உள்ள வார்த்தைகளெல்லாம் காலையிலேயே செலவாகிவிட்டிருந்தன. ஷேர் ஆட்டோவில் எளாவூர் போய்ச் சேர்ந்தேன். கடையில் என் கணவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் கிண்டல் செய்யவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. கழற்றிய டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு, "பொண்ணு பத்திரமா கீதில்ல" என்று மட்டும் இரண்டு தரம் கேட்டார்.

மறுநாள் சாயந்திரம் அவள் வந்து சேர்ந்தாள். எனக்கு வளையல், அப்பாவுக்கு ஒரு துண்டு, காலையில் பூ மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் வாங்கியவை. சாப்பிட்டாள். தூங்கினாள். அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் இருக்கும் இடம் என் போனில் இப்போது தெரிவதில்லை. நிறுத்தியதை அவள் திரும்பப் போடவில்லை. போடச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. அவள் வேலைக்குக் கிளம்பும்போது கேட்க வாய் வருகிறது. மூடிக்கொள்கிறேன்.

திங்கள்கிழமை வங்காளிக்கு வார விடுமுறை. செவ்வாய்க்கிழமை முதல் சாம்பிளோடு வந்தார். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"நல்லாக் கீறான்." இடுக்கியைத் தொட்டியில் முக்கினார். தண்ணீர் சீறியது. "அது கத்துச்சில்ல, ஆளுங்க புடிச்சிக்கினாங்க. ரெண்டு அடி போட்டாங்க. அப்புறம் இவன் உன் போட்டோவக் காமிச்சான், நான் அனுப்புனது, நீ வாசல்ல நிக்கிறது. அம்மா அம்மான்னு சொன்னான். வுட்டுட்டாங்க."

"அடிச்சாங்களா?"

"ரெண்டு அடிதான் தீதி. மூட்டை தூக்குறவனுக்கு அது ஒரு அடியா?" கன்னத்தைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். "அவன் அழுவறது அதுக்கில்ல. பொண்ணு லைன உட்டுட்டு ஓடிடுச்சே, எம்மா தூரத்துலேர்ந்து வந்துச்சோன்னு கேட்டுக்கினே கீறான். அது திரும்பப் போயி உள்ள பார்த்துச்சா, தீதி?"

சாம்பிளைத் தேய்க்கும் சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்தேன். அணைத்தபிறகு அவர் பதிலுக்குக் காத்திருப்பது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

"பார்த்துச்சு" என்றேன்.

"அப்பாடா. தம்பிகிட்ட சொல்றேன்" என்று இடுக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு உலைக்குப் போனார். அதைச் சொல்ல அவர் நாஷ்டா நேரம்வரை காத்திருக்க வேண்டும். போன் வாசலில் இருந்தது.